இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை வீட்டில் பழக்குவது எப்படி? (1 முதல் 5-ம் வகுப்பு வரை)

திங்கள்சந்தை_மாலை

ரெண்டாம் வகுப்பில் ஒரு பையன், நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் பத்து வார்த்தை டிக்டேஷன் உண்டு. வியாழன் ராத்திரி எழுத்தெழுத்தாகப் பாட்டு மாதிரி ஒப்பிச்சுப் பத்துக்குப் பத்து வாங்கிருதுவ. திங்கள்கிழமை அதே வார்த்தையைக் கேட்டா முழி பிதுங்குது.

சின்னவன் சொந்தமா எழுதினதில் இருந்து அஞ்சு தப்பு: பெரிய என்கிற பிக்-கை பேனா எழுதுற பி போட்டுப் பன்னி ஆக்கிட்டான். கப் எழுதச் சொன்னா சி-ஏ-பி. மேக் என்றால் எம்-ஏ-கே. மழை ரெயினுக்கு ஆர்-ஏ-என். ஸ்கூலுக்கு எஸ்-யூ-கே-யூ-எல்.

வீட்டில் ரெண்டு பேரும் தமிழ் மீடியம். சாயங்காலம் இருபது நிமிஷம் கிடைக்கும். டியூஷன் வேண்டாம். எங்கே இருந்து தொடங்கணும்?

நெறியாளர்

இங்கே தமிழ் எழுத்து மட்டும்தான் என்பதால் ஒரு ஏற்பாடு. பால் என்ற சொல்லின் முதலெழுத்து பந்து-பி, பென் என்பதன் முதலெழுத்து பேனா-பி. டாக் நாய்-டி, டைகர் புலி-டி. குழப்பம் வரும் இடத்தில் இப்படிச் சொல்லுங்க. மற்ற இடத்தில் வெறும் பி, டி போதும்.

நாலுகோடு_நோட்டு

அக்கா, அந்த அஞ்சு தப்பையும் சிவப்பு மையில் அடிச்சிட்டுப் போகாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற, அதனால மருந்தும் வேற.

பிக் பன்னி ஆனது: தமிழில் ப ஒரே எழுத்து. அது எந்த ஒலி என்பதை அது நிற்கிற இடம் சொல்லும். இங்கிலீஷில் ரெண்டு ஒலிக்கு ரெண்டு எழுத்து. பையன் காது இன்னும் பிரிச்சுக் கேட்கல.

கப்புக்கு ஏ போட்டது: நம்ம ஊர்ப் பேரெல்லாம் இங்கிலீஷில் எழுதும்போது அ என்ற ஒலிக்கு ஏ போடுறோம், உ-வுக்கு யூ போடுறோம். கண்ணனுக்கு ரெண்டு இடத்திலும் ஏ. அவன் தன் பேரை எழுதப் படிச்ச கணக்கை கப்பிலும் போட்டிருக்கான். அவன் மட்டில் அது சரியான கணக்கு. இங்கிலீஷ் சொல்லில் அந்தக் குறுகிய அ-வுக்கு அதிகமும் யூ வரும்: கப், பஸ், சன், மட், ரன். இதை வெளிப்படையாச் சொல்லிக்கொடுக்கணும்: "பேருக்கு ஒரு கணக்கு, இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு கணக்கு."

எம்-ஏ-கே: இது நல்ல தப்பு. ஏ என்ற எழுத்தின் பேரையே அவன் ஒலியாக் கேட்டிருக்கான், சரியாத்தான் கேட்டிருக்கான். கடைசி ஈ தெரியாது, அவ்வளவுதான். ரெயினும் அதே வகை.

ஸ்கூலில் யூ நுழைஞ்சது: தமிழ்ச் சொல் ரெண்டு மெய்யில் தொடங்காது. நாக்கு நடுவில் ஒரு உ-வைச் செருகுது, கை அதை எழுதுது.

அதனால முதல் ரெண்டு வாரம் ஸ்பெல்லிங் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். ஒலியைப் பிரிக்கிற வேலை மட்டும். எழுத்து 26-தான், ஒலி ஏறத்தாழ 44. பிள்ளை எழுத்துப் பேரை மட்டும் ஒப்பிச்சா இந்த இடைவெளி அதுக்குத் தெரியவே வராது. பூனையை "சி ஏ டி" என்று பாடுறதில் எங்கேயும் க் என்ற ஒலி இல்லை பாருங்க.

குழித்துறை_ஆறு

பி, டி, கே-ஜி குழப்பத்துக்கு ஒரு வழி. ரெண்டு ஒலியும் பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கு, எழுத்தில்தான் ஒண்ணாயிருக்கு. வாயில் இருக்கிறதைக் காட்டிக்கொடுத்தா போதும்.

அப்பா என்று சொல்லச் சொல்லுங்க, அப்புறம் கம்பு. அப்பாவில் வர்றது பேனா-பி, கம்பில் வர்றது பந்து-பி. பட்டம், பண்டம்: முதலாவது புலி-டி, ரெண்டாவது நாய்-டி (நாக்கு இங்கிலீஷில் இன்னும் கொஞ்சம் முன்னால படும், இப்போதைக்கு அது பிரச்சினை இல்லை). அக்கா, தங்கம்: கே, ஜி. இந்த ஆறு தமிழ்ச் சொல்லையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிருங்க. எழுதும்போது சந்தேகம் வந்தா "இது அப்பாவா கம்பா?" என்று கேட்டாலே போதும்.

தொண்டையில் விரலை வச்சுப் பார்க்கிறதும் உதவும். பந்து-பி-க்குத் தொண்டை அதிரும், பேனா-பி-க்கு அதிராது. ஆனா "பி" என்று உயிரோடு சொன்னா ரெண்டுக்கும் அதிரும், சோதனை கெட்டுப்போகும். உதட்டை மூடி மெய்யை மட்டும் சொல்லணும். வாய்க்கு முன்னால தாளைப் பிடிச்சு ஆடுதா என்று பார்க்கிற வித்தையை நம்பாதீங்க. தமிழ் ப மாதிரி காற்றில்லாமச் சொன்னா தாள் ரெண்டுக்குமே ஆடாது.

விளவங்கோடு பக்கம் மலையாளமும் எழுதுற வீட்டில் இந்தக் குழப்பம் குறைவு. அந்த எழுத்தில் ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அதே பக்கம் கோளேஜ், டோக்டர், ஓபீஸ் என்று பறையுற பிள்ளைக்கு அந்த வார்த்தையில் ஓ போடணும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். காலேஜ், டாக்டர், ஆபீஸ் என்று சொல்லுற பிள்ளைதான் ஏ போட்டுவைக்கும். ஆகவே ஹாட், பாக்ஸ், டாக், ஷாப் எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தனியாப் பழக்கணும்: இங்கிலீஷ்க் குட்டி வார்த்தையில் "ஆ" மாதிரிக் கேட்டா முதல்ல ஓ போட்டுப் பாரு. கார், ஆர்ம் மாதிரி ஆர் பின்னால வந்தா பெரும்பாலும் ஏ.

வேளிமலை_காற்று

ஒலி பிரிக்கிறதுக்குக் கட்டம் போட்டுக் கொட்டை வைக்கிற முறை. இது எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் பேரில் வழங்குறது. செலவு ஒண்ணும் இல்லை.

சிலேட்டில் மூணு கட்டம் போடுங்க. பக்கத்தில் புளியங்கொட்டை. பெரியவங்க வார்த்தையைப் பையச் சொல்லணும். பிள்ளை ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையை இடமிருந்து வலமாக் கட்டத்துக்குள் தள்ளணும். சன்: ஸ், அ, ன், மூணு கொட்டை. ஷிப்: எழுத்து நாலு, ஒலி மூணு, ஆகவே கொட்டையும் மூணு. எஸ், எச் ரெண்டும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும் என்று அப்போதான் புரியும். கொட்டை சரியாத் தள்ளின பிறகு, கொட்டையை எடுத்துட்டு அந்த இடத்தில் எழுத்தை எழுதணும். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை, அஞ்சு நிமிஷம்.

ஸ்கூலுக்கு நாலு கட்டம். "சுகூல்" என்று சொல்லுற பிள்ளைக்கு அஞ்சாவது கொட்டை மிஞ்சும். "மிஞ்சினது எது?" என்று அதுகிட்டயே கேளுங்க. ஸ்டார், ஸ்பூன், ப்ளேட், ஃப்ராக், இப்படிக் கூட்டு மெய் வார்த்தையா ஒரு வாரம் ஓட்டினா அந்த உபரி யூ போயிரும். பஸ்ஸு, புக்கு, பெஞ்சு என்று கடைசியில் ஒட்டுற உ-வும் இதில்தான் பிடிபடும்.

மலையோரத்தில் ரப்பர் கொட்டை கும்பலாக் கிடக்கும், பார்க்கவும் அழகு. வாயில் போடுற வயசுப் பிள்ளை வீட்டில் இருந்தா அது வேண்டாம், அதில் சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கும், அதனால குட்டிப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாப் பார்த்துச் செய்யுங்க.

பழையாறு_தாத்தா

இதெல்லாம் புதுசு புதுசாச் சொல்லுறீங்க. அந்தக் காலத்தில் தப்பினா அம்பது தடவை இம்போசிஷன். எழுதி எழுதித்தான் கை பழகிச்சு. கொட்டை உருட்டினா ஸ்பெல்லிங் வருமா?

நாலுகோடு_நோட்டு

தாத்தா, கை பழகணும் என்கிறது சரி. ஆனா அம்பது தடவை எழுதுற பிள்ளை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பாருங்க. முதல்ல சி-யை மேலிருந்து கீழ வரிசையாப் போடும், அப்புறம் ஏ-யை வரிசையாப் போடும். அதில் வார்த்தையே இல்லை, எழுத்துத் தூண்தான் இருக்கு. அதுவும் மூணாவது வரியில் ஒரு எழுத்து தப்பினா மீதி நாப்பத்தேழும் தப்பாத்தான் பழகும்.

கை பழகுறதுக்கு நாலு தடவை போதும், ஆனா பார்க்காம எழுதணும். வார்த்தையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லணும், மூடணும், எழுதணும், திறந்து எழுத்தெழுத்தா ஒத்துப்பார்க்கணும். தப்பினா தப்பின இடத்தை மட்டும் அடிக்கோடு போட்டுட்டுத் திரும்ப மூடி எழுதணும். இன்றைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு. ஒரே ராத்திரியில் நாலையும் முடிச்சா வெள்ளிக்கிழமை வரைதான் தாங்கும். அக்கா கேட்ட திங்கள்கிழமைக் கதை அதுதான்.

பழையாறு_தாத்தா

மூடி எழுதுறது கொள்ளாம். எண்ணிக்கையில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. நாலு போதாது.

திங்கள்சந்தை_மாலை

எந்த எழுத்தில் இருந்து ஆரம்பிக்கணும்? ஏ, பி, சி வரிசையிலேயா?

நாலுகோடு_நோட்டு

வேண்டாம். எஸ், ஏ, புலி-டி, பேனா-பி, ஐ, என். இந்த ஆறில் தொடங்குறது ஒலிவழிக் கற்பித்தலில் ரொம்பக் காலமா இருக்கிற வரிசை. ஆறை வச்சே நிறைய வார்த்தை கட்டலாம்: உட்கார்ந்தான் சாட், குழாய் டேப், குண்டூசி பின், தகர டின், சட்டி பேன், எறும்பு ஆன்ட். நம்ம பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம்: இதில் பேனா-பி, புலி-டி மட்டும்தான் உண்டு. பந்து-பி-யும் நாய்-டி-யும் பின்னால வரும், அதுக்குள்ள ஒரு ஜோடி ஒலி உறைச்சிரும். பந்து-பி-யையும் நாய்-டி-யையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீங்க. சின்ன எழுத்தில் ரெண்டும் கண்ணாடிப் பிம்பம், கண்ணும் குழம்பும் காதும் குழம்பும்.

எழுத்தைப் பழைய காலண்டர் அட்டையில் ரெண்டு விரல் அகலத்தில் வெட்டிக்கிடுங்க. உயிர் எழுத்து அஞ்சும் சிவப்பு மை, மற்றது நீலம். ஏ, ஈ ரெண்டும் நாலு நாலு, மற்றது ரெண்டு ரெண்டு. சின்ன எழுத்து மட்டும், பெரிய எழுத்து வேண்டாம்.

முட்டம்_விளக்கு

மேக்-குக்கும் கப்புக்கும் நம்ம ஊர்ப் பலகையே பாடம். நாகர்கோவில் கேப் ரோடு. கன்னியாகுமரி ரயில் நிலையத்தின் குறியீடு சி-ஏ-பி-ஈ. கேப் கொமரின் என்ற பழைய பேரின் மிச்சம். ஈ-யை விரலால மூடுங்க, அது தொப்பி. விரலை எடுங்க, முனை.

இதையே அட்டையில் செய்யலாம். ஈ எழுதின ஒரு அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்து, வார்த்தைக்குப் பின்னால வச்சு வச்சு எடுக்கச் சொல்லுங்க. தொப்பி கேப் ஆகும், குழாய் டேப் ஒட்டுற டேப் ஆகும், கிட் பட்டம் ஆகும், ஹாப் ஹோப் ஆகும், நாட் நோட் ஆகும், டப் டியூப் ஆகும். கடைசி ஈ வாய் திறக்காது, ஒரு மெய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற உயிரைத் தன் சொந்தப் பேரைச் சொல்ல வைக்கும். ஒரு மெய்தான், ரெண்டு மெய் நடுவில் இருந்தா பெரும்பாலும் எட்டாது.

இங்கே தப்புற இடம் எது என்றால், ரெண்டு வாரத்தில் பிள்ளை ஹேவ், கிவ், லவ், கம், சம், டன் என்று வந்து நிற்கும். "உங்க சட்டம் பொய்" என்று சொல்லும். ஹேவ், கிவ், லவ் மூணுக்கும் காரணம் உண்டு: இங்கிலீஷ்ச் சொல் வி-யில் முடியாது. உயிர் நீண்டாலும் குறுகினாலும் பின்னால ஒரு ஈ ஒட்டணும். ஆகவே அங்கே ஈ-க்கு வேலை வேற. கம், சம், லவ் இதில் அ ஒலிக்கு ஓ வந்தது பழைய கையெழுத்துப் பிரதிக் காலத்து வழக்கம். எம், என், வி பக்கத்தில் யூ எழுதினா கோடு கோடாச் சேர்ந்து படிக்க முடியாது என்று ஓ போட்டாங்க. பிள்ளைக்கு இவ்வளவு சொல்ல வேண்டாம். "இது ஓ கூட்டம்" என்று ஒரு தாளில் தனியா எழுதி வச்சாப் போதும்.

வேளிமலை_காற்று

அந்த வி சட்டத்தைக் கொஞ்சம் நீட்டினா இன்னும் பல பூட்டு திறக்கும். இங்கிலீஷ்ச் சொல் ஐ, யூ, வி, ஜே நாலிலும் முடிய விரும்பாது. நடுவில் ஏ-ஐ வர்ற ஒலி கடைசியில் வந்தா ஏ-ஒய் ஆகிரும்: ரெயின், ட்ரெயின், டெயில், டே, ப்ளே, வே. நடுவில் ஓ-ஐ, கடைசியில் ஓ-ஒய்: காயின், பாய். ஜே கடைசியில் வராது என்பதால் கேஜ், பிரிட்ஜ் எல்லாம் ஜி-ஈ. இட்லி, சாரி ஐ-யில் முடியுதே என்றால் அது நாம கொடுத்த சொல். டாக்ஸி வெட்டிச் சுருக்கின சொல். நீ என்கிற யூ-வும் நான் என்கிற ஐ-யும் விலக்கு.

அடுத்தது ஆச்சரியம். தக்கலை என்று பலகையில் எப்படி எழுதியிருக்கு? புலி-டி, எச், யூ, சி, கே, ஏ, எல், ஏ, ஒய். அ ஒலிக்கு யூ, குறுகிய உயிருக்குப் பின்னால சி-கே, கடைசியில் ஏ-ஒய். எழுதின வெள்ளைக்காரன் தன் ஸ்பெல்லிங் சட்டத்தை அப்படியே நம்ம ஊர் மேல போட்டிருக்கான். பஸ்ஸில் போகும்போது மூணையும் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

நாலுகோடு_நோட்டு

தக்கலை நல்லாயிருக்கு. அந்த சி-கே-யைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறேன், ஏன் என்றால் ரெண்டு, மூணாம் வகுப்பில் அதிகமாத் தப்புறது க் ஒலிதான்.

வார்த்தைத் தொடக்கத்தில்: ஏ, ஓ, யூ-வுக்கு முன்னால சி (கேட், காட், கப்). ஈ, ஐ-க்கு முன்னால கே (கீ, கிட்). சி அங்கே நின்னா எஸ் மாதிரி ஒலிச்சிரும் (சிட்டி, சென்ட்), அதனால. கடைசியில்: குறுகிய ஒற்றை உயிருக்குப் பின்னால சி-கே (பேக், நெக், ராக், டக்). வேறு மெய்க்குப் பின்னாலயோ ரெண்டு உயிரெழுத்துக்குப் பின்னாலயோ கே (மில்க், டெஸ்க், புக், வீக்). கடைசி ஈ இருந்தா கே-ஈ (கேக், பைக்). நாலு கட்டம் போட்ட தாளில் வார்த்தைகளைத் தரம் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. சட்டத்தை வாயால சொல்லுறதை விட, இருபது வார்த்தையை அது பிரிக்கும்போது தானே சட்டத்தைச் சொல்லும்.

எஃப், எல், எஸ், இசட் இந்த நாலும் குட்டி வார்த்தையில் குறுகிய உயிருக்குப் பின்னால இரட்டிக்கும்: ஆஃப், பெல், மிஸ், கிளாஸ். ரீங்காரம் என்கிற பஸ்ஸுக்கு ரெண்டு இசட். ஏறிப் போற பஸ்ஸுக்கு ஏன் ஒரு எஸ் என்றால் அது ஆம்னிபஸ் என்ற நீண்ட சொல்லின் வால். யெஸ், திஸ், அஸ், கேஸ் இவையும் விலக்கு.

இரணியல்_அண்ணன்

வார்த்தைக்கு மேல தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கலாமா? பெற்றோருக்கு வேற வழி இல்லையே.

குழித்துறை_ஆறு

அண்ணே, ஒரு சோதனை. தமிழில் பேக் என்று எழுதுங்க. அது தோளில் மாட்டுற பையா, முதுகா, பொட்டலமா, அடுப்பில் சுடுறதா? நாலு வார்த்தை, நாலு ஸ்பெல்லிங், தமிழில் ஒரே உருவம். கேட் என்று எழுதினா பூனையும் வாசல் கேட்டும் ஒண்ணு. பிள்ளை மேல இருக்கிற தமிழைத்தான் படிக்கும், கீழ இருக்கிற இங்கிலீஷைப் பார்க்காது. எந்த ஒலி வேறுபாட்டைப் பழக்கணும் என்று இவ்வளவு பாடுபடுறோமோ அதை அந்த ஒரு வரி அழிச்சிரும்.

இரணியல்_அண்ணன்

அது சரி. ஆனா பத்தாம் வகுப்பு படிச்ச அம்மா வாத்தியார் மாதிரி உச்சரிக்க முடியுமா? தப்பா உச்சரிச்சா அதை விட மோசம் இல்லையா?

முட்டம்_விளக்கு

தமிழ்க் குறிப்பைப் பெரியவங்க நோட்டில் வச்சுக்கிடலாம், பிள்ளை நோட்டில் வேண்டாம். போனில் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டா வார்த்தையைச் சொல்லும். டிக்டேஷனுக்கு முன்னால ஆறு வார்த்தையையும் ஒரு தடவை கேட்டுட்டு வந்தாப் போதும். இங்கிலாந்து உச்சரிப்பா அமெரிக்க உச்சரிப்பா என்று மண்டையைக் குடைய வேண்டாம். பந்து-பி பேனா-பி, நாய்-டி புலி-டி, ஏ-ஈ வேறுபாடு கேட்குதா என்பதுதான் முக்கியம்.

போன் என்றதால இன்னொண்ணு: பிள்ளை போனில் எழுதிப் பழகினா தானாத் திருத்துற வசதியை அணைச்சு வையுங்க. கலர் என்ற சொல்லைச் சில போன் யூ இல்லாமக் காட்டும், நம்ம பாடநூலில் யூ உண்டு. அந்த யூ-வை அமெரிக்காவில் பரவலா எடுத்துவிட்டதில் நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதிக்குப் பெரிய பங்கு உண்டு. பரீட்சைக்குப் பாடநூல்தான் கணக்கு.

திங்கள்சந்தை_மாலை

பெரியவளுக்கு? அவ எழுதுற தப்பு இது மாதிரி இல்லை. ரன்னிங்குக்கு ஒரு என், ஹோப்பிங்குக்கு ரெண்டு பி, ஜம்ப்ட் என்று எழுதச் சொன்னா கடைசியில் புலி-டி மட்டும்.

நாலுகோடு_நோட்டு

பெரியவளுக்கு வால் சேர்க்கிற கணக்குத்தான் பாக்கி. மேல சொன்ன கடைசி ஈ புரிஞ்சிருந்தா இது எளிது, புரியலைன்னா அவளும் ஒரு வாரம் தம்பிகூட உட்காரட்டும்.

ஐ-என்-ஜி, ஈ-டி ரெண்டும் உயிரில் தொடங்குற வால். ஒரே அசை, ஒரே குறுகிய உயிர், ஒரே மெய்யில் முடியுற வார்த்தையா இருந்தா மெய் இரட்டிக்கணும்: ரன், ஹாப், ஸ்டாப், சிட். இரட்டிக்கலைன்னா வாலில் இருக்கிற உயிர் முன்னால இருக்கிற உயிரை நீட்டிரும். நொண்டி அடிக்கிற ஹாப்பிங்குக்கு ரெண்டு பி, நம்புற ஹோப்பிங்குக்கு ஒரு பி, வித்தியாசம் அதுதான். ஈ-யில் முடிஞ்சா ஈ-யை விட்டுட்டு வாலை ஒட்டணும்: மேக்கிங், ரைடிங். டபிள்யூ, எக்ஸ், ஒய் மூணும் ஒருபோதும் இரட்டிக்காது: ப்ளேயிங், ஃபிக்ஸிங்.

ஈ-டி மூணு விதமா ஒலிக்கும். ஜம்ப்ட் என்பதில் புலி-டி மாதிரி, ப்ளேடு என்பதில் நாய்-டி மாதிரி, வான்டட் என்பதில் தனி அசையா. எழுதுறது மூணுக்கும் ஒண்ணே. மூணு கூடை வரைஞ்சு பதினைந்து வினையைக் காதால பிரிக்க விடுங்க. எல்லாக் கூடையிலும் கடைசி ரெண்டு எழுத்து ஒண்ணு என்று அவளே பார்த்திருவா. நேற்று நடந்ததா என்று கேட்டு, ஆமா என்றால் ஈ-டி. போனான், வந்தான் மாதிரி உருமாறுறது தனிப் பட்டியல்.

ஒய் முடிவு சுருக்கமா: முன்னால மெய் இருந்தா ஒய் போய் ஐ-ஈ-எஸ் (பேபி), உயிர் இருந்தா எஸ் மட்டும் (பாய், கீ).

இரணியல்_அண்ணன்

எந்தச் சட்டத்திலும் அடங்காத வார்த்தை? தி, வாஸ், செட் எல்லாம்?

வேளிமலை_காற்று

அமெரிக்கரான எட்வர்ட் டால்ச் 1936-ல் அடிக்கடி வர்ற 220 சொல்லைப் பட்டியல் போட்டார். இப்பவும் பல பள்ளியில் அதன் ஏதோ ஒரு வடிவம் சுவரில் தொங்கும். ஆனா அதில் பாதிக்கு மேல சட்டத்துக்கு உட்பட்டதுதான். முழுசா மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க.

மீதியிலும் வார்த்தை முழுக்க முரண்டு பிடிக்காது. சொன்னான் என்கிற செட்-டில் எஸ்-ஸும் கடைசி டி-யும் சரியாத்தான் இருக்கு, நடுவில் ஏ-ஐ மட்டும்தான் குறும்பு. அந்த ரெண்டு எழுத்தை மட்டும் சிவப்பில் வட்டம் போடுங்க. வாஸ்-ஸில் ஏ-யும் எஸ்-ஸும். ரெண்டு என்கிற டூ-வில் டபிள்யூ. அது ஏன் என்று கேட்டா ட்வென்டி, ட்வின், ட்வைஸ் மூணையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்க, எல்லாம் ரெண்டு சம்பந்தப்பட்ட சொல். கத்தி நைஃபில் கே ஒரு காலத்தில் வாயில் ஒலிச்சது. 1476-ல் கேக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு கொண்டுவந்த பிறகு எழுத்து பைய உறைஞ்சது, பேச்சு ஓடிருச்சு.

வாரத்துக்கு மூணு முரட்டு வார்த்தை, அதுக்கு மேல வேண்டாம்.

பழையாறு_தாத்தா

அந்த மூணுக்காவது பத்துத் தடவை எழுதச் சொல்லலாமா?

வேளிமலை_காற்று

மூடி வச்சு எழுதினா சொல்லலாம் தாத்தா.

குழித்துறை_ஆறு

ஒண்ணு விட்டுப்போச்சு. எழுத்தைத் திருப்பிப் போடுறது ஏழு வயசு வரை பெரும்பாலான பிள்ளைகளிடம் உண்டு, அதுக்குப் பயப்பட வேண்டாம். மூணாம் வகுப்பிலும் மூணு ஒலிச் சொல்லைப் பிரிக்க முடியலை, தமிழும் ரொம்பத் திணறித்தான் படிக்குது, பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்குது, காதில் அடிக்கடி சீழ் வருது, இப்படி ஏதாவது இருந்தா முதல்ல கண்ணும் காதும் டாக்டரிடம் காட்டுங்க. அப்புறம் வகுப்பு டீச்சரிடம் சொல்லி வட்டார வள மையத்து சிறப்பாசிரியரைப் பார்க்கலாம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா, எந்த நிலை என்று கேட்டுவச்சுக்கிட்டா வீட்டில் எங்கே தொடங்கணும் என்பதும் தெரியும்.

திங்கள்சந்தை_மாலை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை டிக்டேஷன் நிற்காதே. அந்தப் பத்து வார்த்தையில் சட்டமே இருக்காது, பழம் பேரு அஞ்சு, மாசப் பேரு அஞ்சு என்று வரும். அதை என்ன செய்ய?

நாலுகோடு_நோட்டு

திங்கள் சாயங்காலமே பட்டியலை வாங்கி மூணாப் பிரிங்க: படிச்ச சட்டத்தில் அடங்குறது, ஒரு இடம் மட்டும் குறும்பு, முழுக்கப் புதுசு. முதல் வகையை ஒப்பிக்கவே வேண்டாம், கொட்டை வச்சுக் கட்டினாப் போதும். ரெண்டாவதுக்குச் சிவப்பு வட்டம். மூணாவதை அசையா உடைச்சு, எழுதியிருக்கிறபடியே அசட்டுத்தனமா உச்சரிச்சுப் பழகலாம். பிப்ரவரியில் நடுவில் இருக்கிற ஆர் வாயில் வராது, அதனால் "பெப்-ரூ-அரி" என்று சொல்லிக்கிட்டே எழுதணும். வெட்னஸ்டேயை "வெட்-நெஸ்-டே" என்று சொல்லணும்.

இருபது நிமிஷத்தில் அஞ்சு நிமிஷம் இதுக்கு. பாக்கி பதினைந்தில் மூணு நிமிஷம் பழைய ஒலி அட்டை, அஞ்சு நிமிஷம் கட்டம், அஞ்சு நிமிஷம் ஆறு வார்த்தையும் ஒரு வாக்கியமும் டிக்டேஷன், ரெண்டு நிமிஷம் அவனே திருத்துறது. வாக்கியத்தை விட்டுராதீங்க. தனித்தனியாச் சரியா எழுதுறதை வாக்கியத்தில் தப்பினா அது இன்னும் உறைக்கலை என்று அர்த்தம், அந்த வார்த்தை அடுத்த வாரமும் பட்டியலில் இருக்கட்டும்.